அடுத்தவன் கட்டின தோட்டா

7

வெர்ன் டோஃப்டின் கோடாலி கதவைப் பிளந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. டீக் ப்ரூயிட் ஓடிப்போய் அந்தக் கதவின் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றான். புத்தி உள்ளவன் எவனும் இதைச் செய்யமாட்டான். ஆனால் புத்தி உள்ளவன் எவனும் துப்பறியும் வெல்டா ரூஸ்டாடிடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, அவள் கொடுக்கிற சம்பளத்துக்கு மொன்டானா பனியில் அலையவும் மாட்டான்.

"பாஸ், சீக்கிரம்! அடுத்த அடி என் முதுகுலதான். எனக்கு இருக்கறதே ஒரு முதுகு!"

"கொஞ்சம் பிடிச்சுக்க," என்றாள் வெல்டா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளுக்கு அங்கே வேறு வேலை இருந்தது. ஷெட்டின் கோடியில், காலிக் குப்பியில் மருந்தடைத்துத் தோட்டா கட்டும் மேஜைக்குப் பக்கத்தில், லானி ஸ்கார் தரையில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். வாய் பெருத்தவன், கை நீட்டுகிறவன், ஊரில் அவனிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. இன்றைக்கு அவன் ரிவால்வரைத் தன் தாடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். விரல் விசையின் மேல் இருந்தது.

"கதவத் திறந்து விடுங்க வெல்டா. வெர்ன் கையால சாகறதுதான் நியாயம்."

"சாவுடா, யாரு வேண்டாம்னா? நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டுச் சாவு. உன் பொண்டாட்டி எனக்கு ஃபீஸ் குடுத்திருக்கா."

எல்லாம் ஆரம்பித்தது முந்தாநாள் காலையில். மறுநாள் எல்க் மான் வேட்டை சீசன் தொடங்குகிறது என்பதால் ஊரே சுடும் மைதானத்துக்கு வந்து துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்துக்கொண்டிருந்தது. வெர்னின் தம்பி ராய்ஸ் மேஜையில் உட்கார்ந்து விசையை இழுத்தான். துப்பாக்கி முன்னால் சுடாமல் பின்னால் வெடித்தது. துப்பாக்கியின் பின்பக்க இரும்புப் பூட்டு பிய்த்துக்கொண்டு அவன் கண் வழியாகப் புகுந்து மண்டையைப் பெயர்த்துவிட்டது. பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த கார்வின் பெக்குக்கு ஒரு கண்ணும் வலது கையில் மூன்று விரலும் போயின.

ராய்ஸ் சுட்டது லானி இந்த ஷெட்டில் கட்டின தோட்டா. ஷெரிஃப் வந்து லானியின் வெடிமருந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். மெதுவாக எரிகிற ரைஃபிள் மருந்தோடு, சட்டென்று எரிகிற வேறு மருந்து ஒன்று கலந்து கிடந்தது. அப்படி இரண்டைக் கலந்துவிட்டால் அது என்ன செய்யும் என்று அதைத் தயாரித்தவனுக்கே தெரியாது. "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷெரிஃப் சாப்பிடப் போய்விட்டார்.

வெர்ன் அதைக் கொலை என்றான். லானியும் அதையேதான் சொன்னான். ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் லானியின் மனைவி டார்லா. அவள்தான் வெல்டாவைக் கூப்பிட்டவள்.

"எப்படிடா கலந்திருக்கும்?" என்றாள் வெல்டா.

"பிஸ்டல் தோட்டா கட்டிட்டு, மருந்து ஊத்தற குழாயில மிச்சம் இருந்தத அசதியில ரைஃபிள் டப்பாவுல திருப்பி ஊத்தியிருக்கேன். வேற எப்படிக் கலக்கும்? மேஜை மேல ஒரு நேரத்துல ஒரு டப்பாதான் இருக்கணும்னு ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நாயி நான்."

"ஊத்தினது ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இருந்தா ஊத்தியிருப்பனா!"

கதவு விட்டுக்கொடுத்தது. கதவோடு டீக்கும் விழுந்தான். அவன் மேல் ஏறி மிதித்துக்கொண்டே உள்ளே வந்தான் வெர்ன். ஆறடிக்கு மேல் உயரம், தாடி முழுக்கப் பனி, கையில் கோடாலி. டீக் அவன் காலைக் கட்டிக்கொண்டான். வெர்ன் கோடாலிக் காம்பைத் திருப்பி டீக்கின் வாயில் ஒரு குத்து விட்டான். பல் ஒன்று போயே போய்விட்டது.

"வெர்ன் அண்ணே," என்றான் டீக், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, காலை விடாமல். "ஆடிக்கிட்டிருந்த பல்லுதான். டாக்டர் செலவு மிச்சம்."

மருந்து டப்பாக்கள் அடுக்கின ஷெட்டில் யாரும் சுடமாட்டார்கள். வெல்டா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை எடுத்து வெர்னின் முகத்தில் பீய்ச்சினாள். கண் தெரியாமல் அவன் கோடாலியை வீச, அது லானியின் தலைக்கு மேலே பலகையில் ஆழப் பதிந்தது. வெல்டா அதே உருளையால் அவன் முழங்காலில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, சமையல்காரி மசாலா இடிக்கிற நிதானத்தோடு வைத்தாள். அவன் விழுந்ததும், போலீஸில் இருந்த காலத்து விலங்கை எடுத்து அவன் இரண்டு கையையும் மேஜைக் காலைச் சுற்றி மாட்டினாள். லானி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நொடியில் டீக் தவழ்ந்து போய் ரிவால்வரைப் பிடுங்கிவிட்டான்.

"பிடுங்கிட்டேன் பாஸ்," என்றவன் சுவரைப் பார்த்தான். அங்கே வரிசையாக ஏழெட்டுத் துப்பாக்கிகள் மாட்டியிருந்தன. "இந்த ஊர்ல ஒருத்தன்கிட்ட துப்பாக்கியப் பிடுங்கறதும் ஆத்துத் தண்ணிய வாளியில மொண்டு காலி பண்றதும் ஒண்ணுதான்."

"டார்லா! ஒரு வெள்ளைத் தட்டு கொண்டா," என்று கத்தினாள் வெல்டா.

தட்டு வந்தது. ஷெரிஃப் டப்பாவைத்தான் கொண்டுபோயிருந்தார். அன்றைக்குக் கட்டின தோட்டாக்களில் மிச்சம் இருந்தவை லானியின் கோட்டுப் பையிலேயே கிடந்தன. வெல்டா ஒன்றை எடுத்து, குறடால் முனையைப் பிடுங்கி, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டினாள். பென்சில் முனையை ஒடித்துப் போட்டாற்போல் சின்னச் சின்னக் கறுப்புக் குச்சிகள். அவற்றுக்கு நடுவே ஸ்டிக்கர் பொட்டு மாதிரி தட்டையான வட்டங்கள்.

"இந்தக் குச்சி உன் ரைஃபிள் மருந்து. உன் பிஸ்டல் மருந்து எங்க?"

லானி அலமாரியைக் கை காட்டினான். டீக் அந்த டப்பாவை எடுத்துத் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கொட்டினான். கசகசா மாதிரி உருண்டை உருண்டையாக ஓடியது. தட்டையாக ஒன்றுகூட இல்லை.

லானி முழங்காலிட்டுத் தட்டின் மேல் குனிந்தான். இரண்டு நாளாக அழுது வீங்கின கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"இந்த வட்ட மருந்து என்னோடது இல்ல. இது வாத்து சுடற தோட்டாவுக்குப் போடறது. நான் ஜென்மத்துல வாங்கினதில்ல."

"அப்ப அதுவா நடந்து வந்து டப்பாவுக்குள்ள ஏறிப் படுத்துக்கிச்சா?" என்றான் டீக்.

"பொய் சொல்றான்," என்றான் வெர்ன் கீழேயிருந்து. "எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பான்."

"ஷெரிஃப் இந்த ஷெட்ட ஒரு சுத்து சுத்திட்டாரு. நானும் சுத்திட்டேன். வாத்து தோட்டா கட்ட ஒரு காலிக் குப்பிகூட இங்க இல்ல. ரெண்டு விதம் கலந்திருக்குன்னு எல்லாரும் பாத்தீங்க. ரெண்டாவது விதம் யாரோடதுன்னு ஒருத்தன் கேக்கல." வெல்டா வெர்னுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். "சரி வெர்ன். உன் தம்பி சொந்தமாத்தானே தோட்டா கட்டறவன்? அடுத்தவன் கட்டினத ஏன் சுட்டான்?"

அந்த ஊரில் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூடக் கடன் கொடுப்பார்கள், தான் கட்டின தோட்டாவைக் கொடுக்கவும் மாட்டார்கள், அடுத்தவன் கட்டினதை வாங்கவும் மாட்டார்கள். அப்பனும் மகனும்கூட அவனவன் டப்பாவைத்தான் தொடுவார்கள்.

"அவனோடது தீர்ந்துபோச்சு," என்றான் வெர்ன். "இன்னும் ரெண்டு மூணு சுட்டாத்தான் குறி சரியாகும்னு லானிகிட்ட கேட்டான். இவன் முடியாதுன்னான். அவன் கெஞ்சினான். இவன் அஞ்சு எடுத்து ராய்ஸோட சிவப்புத் தோட்டா டப்பாவுலயே போட்டுக் குடுத்தான்."

"அதாவது, ராய்ஸ் அதச் சுடுவான்னு அந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"ஆனா யாரோ ஒருத்தன் வேணும்னே மருந்தக் கலந்து வெச்சான். இந்த டப்பாவுலேர்ந்து வர்ற தோட்டாவ உலகத்துல ஒரே ஒருத்தன்தான் சுடுவான்னு தெரிஞ்சு கலந்தான்."

லானியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போனது.

"எனக்கு வெச்சது," என்றான். பிறகு தலையை மேஜை விளிம்பில் மோதினான், மறுபடியும் மோதினான். டார்லா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "எனக்கு வெச்சத அவன் கையில எடுத்துக் குடுத்துட்டனே! முடியாதுன்னவன் முடியாதுன்னே இருந்திருக்கக் கூடாதா!"

அவன் குற்றவாளி இல்லை என்று நிரூபித்ததில் அவன் நிலைமை மோசமாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் சொல்ல டீக்கிடம் ஜோக் எதுவும் இல்லை.

"வெர்ன், அன்னிக்குக் காலையில யார் யார் எங்க இருந்தீங்க? வரிசையாச் சொல்லு."

"லானிதான் முதல்ல மேஜைல உக்காந்தான். அவன் சுடறதுக்குள்ள, குறிப்பலகை மாத்தணும்னு எல்லாரையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்த இடைவெளியிலதான் ராய்ஸ் தோட்டா கேட்டான். அப்புறம் அவன் உக்காந்தான். நான் பின்னாடி. கார்வின் பக்கத்துல. குண்டு எங்க பட்டுதுன்னு தொலைநோக்கியில பாத்துச் சொல்றது அவன்தான். லானிக்கெல்லாம் வருஷா வருஷம் தோளோட தோள் உரசிக்கிட்டு உக்காந்து அவன்தான் பாத்துச் சொல்வான். அன்னிக்கு லானி உக்காந்தப்ப காப்பி எடுக்க வண்டிக்குப் பின்னாடி போனான். அங்கயே இருந்திருந்தா கண்ணாவது தப்பிச்சிருக்கும், பாவம்."

வெல்டா எழுந்து கார் சாவியைத் தேடினாள்.

"டார்லா, இவன விட்டு நகராத. வெர்ன், நீ எங்களோட ஆஸ்பத்திரிக்கு வா. மேஜையிலேர்ந்து கழட்டி விடறேன், விலங்கு கையிலயே இருக்கட்டும். அங்க கதவுக்கு வெளியில நின்னு, நான் கூப்பிடற வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

"எதுக்கு?"

"லானியக் கொல்லணும்னு உனக்கு ஆசையா இருக்கில்ல? கொல்ல வேண்டிய ஆளு அவன்தானான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொல்லு."

கார்வின் பெக் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தான். பணக்கார வெளியூர்க்காரர்களை மலைக்கு வேட்டைக்குக் கூட்டிப்போகிற தொழில். பாதி முகத்துக்குக் கட்டு, வலது கை ஒரு வெள்ளை மூட்டை. கட்டில் பக்கத்து நாற்காலியில் அவன் வேட்டைக் கோட்டு தொங்கியது.

"வெல்டா, வாங்க வாங்க," என்றான் ஈனக்குரலில். "லானி எப்படி இருக்கான்? எனக்கு அவன்மேல ஒரு கோவமும் இல்லன்னு சொல்லுங்க. கை தவறறது மனுஷனுக்குத்தானே? நான் மன்னிச்சுட்டேன்."

"பெரிய மனசு உங்களுக்கு," என்றாள் வெல்டா. "சொல்றேன். அவன் ரொம்ப ஒடிஞ்சுபோயிருக்கான். இன்னிக்கு ராத்திரி தாங்குவானான்னே தெரியல."

"அடடா," என்றான் கார்வின். ஒற்றைக் கண் போர்வையைப் பார்த்தது.

டீக் கட்டிலின் கால் பக்கம் போய் நின்று, உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணுதான் புரியல சார். அவ்வளவு பக்கத்துல எதுக்கு உக்காந்தீங்க? எங்க பாஸ் சுட்டா நான் பக்கத்து ஊருக்கே போயிடுவேன்."

"ராய்ஸோட சிவப்பு டப்பாதான் மேஜை மேல இருந்துச்சு! அவனோட தோட்டான்னுதான் நெனச்சேன்," கார்வின் வலியிலும் எரிச்சலிலும் தலையைத் தூக்கினான். "அது லானி கட்டினதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருப்பனா?"

வெல்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் கார்வின்? லானி கட்டின தோட்டாவுக்கு என்ன குறை? போன வருஷம் அவன் சுடும்போது தோளோட தோள் உரசிக்கிட்டு உக்காந்தீங்க. அதுக்கு முந்தின வருஷமும் உக்காந்தீங்க. இந்த வருஷம் அவன் மேஜைக்கு வந்ததும் காப்பி ஞாபகம் வந்துடுச்சு, வண்டிக்குப் பின்னாடி போய் நின்னீங்க. ராய்ஸ் உக்காந்ததும் காப்பியோட திரும்பி வந்து பக்கத்துல உக்காந்துட்டீங்க. லானியோட தோட்டா வெடிக்கும்னு, அது வெடிக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கார்வினின் ஒற்றைக் கண் கதவுக்குப் போய், ஜன்னலுக்குப் போய், கோட்டில் வந்து நின்றது.

"டீக்!" என்று வெல்டா கத்துவதற்குள் அவன் இடது கை கோட்டுப் பைக்குள் போய் வந்துவிட்டது. டீக் பாய்ந்தான். வெடிச் சத்தத்தில் அறையே அதிர்ந்தது. டீக்கின் தோள்பட்டைச் சதையைப் பிய்த்துக்கொண்டு குண்டு சுவரில் பாய, அவன் கட்டிலின் மேலேயே குப்புற விழுந்தான். கார்வின் துப்பாக்கியை வெல்டாவின் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினான்.

"ரெண்டு எல்க் தலை!" என்று அலறினான். "காப்புக்காட்டுக்குள்ள புகுந்து சுட்ட ரெண்டே ரெண்டு தலை! அத என் ஃப்ரீசர்ல பாத்துட்டு, சீசன் முடியறதுக்குள்ள நீயாப் போய் வேட்டை வார்டன்கிட்ட ஒத்துக்கோ, இல்லன்னா நான் சொல்லுவேன்னு கெடு வெச்சான் லானி, அந்த யோக்கியன்! என் லைசென்ஸ் போயிடும், தொழில் போயிடும், ஜெயிலுக்கும் போவேன். நான் என்ன செய்யறது? அவன் இல்லாதப்ப ஷெட்டுக்குள்ள போய் என் வாத்து மருந்த அவன் டப்பாவுல கலந்தேன். ராய்ஸ் எதுக்கு நடுவுல வந்தான்? நானா வரச் சொன்னேன்?"

கதவு திறந்துகொண்டது. வெர்ன் வெல்டா கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. விலங்கு மாட்டின இரண்டு கையாலும் கார்வினின் மணிக்கட்டை அடித்தான், துப்பாக்கி உருண்டது. அடுத்த அடி அந்தக் கட்டுப் போட்ட முகத்தில் விழுந்தது. வெள்ளைத் துணி சிவந்தது. பிறகு விலங்குச் சங்கிலியைக் கார்வினின் கழுத்தில் சுற்றி, மார்பில் முழங்காலை ஊன்றி இழுத்தான். கார்வினின் கால்கள் போர்வையை உதைத்துத் தள்ளின. நாக்கு வெளியே வந்தது.

"வெர்ன், விடு!"

"மாட்டேன்."

"இவன் செத்தா வாய் மூடிக்கும். அப்புறம் இந்த ஊருக்கு லானிதான் கொலைகாரன், அவன் சாகற வரைக்கும். ஷெரிஃப்கிட்ட இவன் வாயாலயே சொல்லணும். உன் தம்பிக்கு நீ செய்ய வேண்டியது இதுதான்டா, விடு!"

வெர்ன் உடனே விடவில்லை. சங்கிலி இன்னும் ஒரு சுற்று இறுகியது. அப்புறம் அவன் தோள் குலுங்கத் தொடங்கியது, கை தளர்ந்தது. கார்வின் தரையில் சரிந்து இரும, டீக் ஒற்றைக் கையால் அவனைக் கட்டில் காலோடு கட்டிவைத்தான்.

"சார் மன்னிக்கிற மூடுல இருந்தீங்களே," என்றான் டீக், தோளைப் பிடித்துக்கொண்டு. "என்னையும் மன்னிச்சிடுங்க. முடிச்சு கொஞ்சம் இறுக்கமாப் போட்டுட்டேன்."

வெல்டா அதற்குள் நர்ஸ் மேஜைக்கு ஓடி டார்லாவின் வீட்டுக்கு போன் போட்டுவிட்டாள். மறுமுனையில் டார்லா பேசவில்லை, அலறினாள். லானி அவளைத் தள்ளிவிட்டு வீட்டிலிருந்து மறுபடி ஷெட்டுக்குள் போய், உடைந்த கதவுக்குக் குறுக்கே அலமாரியைச் சாய்த்து அடைத்துக்கொண்டான். சுவரிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துவிட்டான். ஷெட்டில் தனியாக ஒரு போன் இருக்கிறது, அவள் அடித்துப் பார்த்தாள், எடுக்கமாட்டேன் என்கிறான்.

"அந்த நம்பரச் சொல்லு," என்று வாங்கிச் சுழற்றிய வெல்டா, ரிசீவரைப் பின்னாலேயே டீக்கோடு வந்து நின்ற வெர்னிடம் நீட்டினாள். "நான் சொன்னா கேக்க மாட்டான். நீதான் பேசணும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெர்னின் விரல்களில் கார்வினின் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. டீக் தன்னையறியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். எடுடா, எடுடா என்று அவன் உதடு மட்டும் அசைந்தது.

எடுத்துவிட்டான். மூச்சு மட்டும்தான் கேட்டது.

"லானி, நான் வெர்ன். கார்வின்டா. அவன் வாயால சொல்லிட்டான். நீ இல்லடா."

"எடுத்துக் குடுத்தது நான்தானே வெர்ன்?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ரிசீவரைத் தாண்டி டீக்குக்கும் கேட்டது.

வெர்ன் கண்ணை மூடிக்கொண்டான். பெரிய உடம்பு மேஜையில் சாய்ந்தது.

"அவன் கை நீட்டிக் கேட்டான். நீ குடுத்த. நான் ஒரு அடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்தவன் தோட்டா வேண்டாம்டான்னு அண்ணன்காரன் நான் சொல்லியிருக்கணும். நான் சொல்லலையேடா!"

வெர்ன் முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு ராய்ஸோட சவப்பெட்டியத் தூக்க ஆறு பேர் வேணும். அஞ்சு பேர்தான் இருக்கோம். அவன் கனமான ஆளு, உனக்குத் தெரியும். கையில இருக்கறதக் கீழ வெச்சுட்டு வா."

பிறகு, மரப்பலகையின் மேல் கனமான இரும்பு ஒன்றை யாரோ மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றான் லானி.